பிரட்டுக் களத்திலிருந்து டிவி ஸ்டூடியோ வரை: அரசு செய்தித் தொடர்பாளரும் 'அரசியல் விமர்சகரும்'

ஜூலை மாதம் கூடலூரில் ராத்திரி முழுக்க மழை ஊற்றினால், விடியற்காலை ஐந்தரைக்கே நீலகிரி வீடுகளில் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு லீவா?" பதிலும் உடனே வந்துவிடும், மூன்று உருவத்தில். 'செ.வெ.எண்', அதாவது செய்தி வெளியீட்டு எண் போட்ட ஒரு தாள் வாட்ஸ்அப்பில் சுற்றும். டிவியின் அடியில் 'நீலகிரியில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று ஒரு வரி ஓடும். பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "நேத்து சாயங்காலமே விட்டிருக்கணும், இவங்களுக்கு எப்பவும் தாமதம்தான்" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பார்.

முதலாவது அறிவிப்பு. இரண்டாவது செய்தி. மூன்றாவது கருத்து. மூன்றையும் 'நியூஸ்ல சொன்னாங்க' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நம் வழக்கம். அறிவிப்பு வேலையில் இருந்த ஒருவரே பிற்பாடு கருத்து சொல்ல டிவியில் வந்து உட்காரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. 'உள்ளே இருந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும்' என்பார்கள் சிலர். 'நேற்றுவரை அரசாங்கத்துக்கு ஜால்ரா போட்டவர்தானே' என்பார்கள் வேறு சிலர். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டையுமே சொல்லத் தோன்றாது.

ஒரு பெயரில் நாலு வேலை

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. 'செய்தித் தொடர்பாளர்' என்று தமிழில் நாம் கூப்பிடுவது குறைந்தது நான்கு விதமான ஆட்களை.

மாவட்டத்தில் இருப்பவர் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், வாய்வழக்கில் பி.ஆர்.ஓ. சினிமா பி.ஆர்.ஓ. வேறு ரகம், அவர் படத்துக்கு விளம்பரம் தேடுபவர். மாவட்ட பி.ஆர்.ஓ. தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை ஊழியர். ஆட்சியர் எடுத்த முடிவைத் தாளில் வடித்து வெளியிடுவது, ஆய்வுக்குப் போகும் இடங்களுக்குச் செய்தியாளர்களை அழைத்துப் போவது, விழாப் படங்களை மாலைக்குள் அனுப்புவது எல்லாம் இவர் பாடு.

அடுத்தவர் அரசு செய்தித் தொடர்பாளர்: அரசின் நிலை இதுதான் என்று அரசின் பெயரிலேயே பேச அதிகாரம் பெற்றவர். 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஜெ. ராதாகிருஷ்ணன், ககன்தீப் சிங் பேடி, தீரஜ் குமார், பெ. அமுதா ஆகிய நான்கு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை இப்படி நியமித்து, ஆளுக்குச் சில துறைகள் என்று பிரித்துக் கொடுத்தது.

மூன்றாமவர் பிரஸ் செக்ரட்டரி அல்லது ஊடக ஆலோசகர். இவர் ஒரு துறைக்காக இல்லாமல், ஒரு தலைவருக்காகப் பேசுபவர். அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது எஸ்.எம். கான், மன்மோகன் சிங்குக்கு 2004 முதல் 2008 வரை சஞ்சய பாரு. அமெரிக்காவில் வெள்ளை மாளிகை பிரஸ் செக்ரட்டரி என்றால் உலகமே பார்க்கும் பதவி.

நான்காமவர் கட்சிச் செய்தித் தொடர்பாளர். ராத்திரி எட்டு மணி விவாதத்தில் நாம் தினமும் பார்ப்பது பெரும்பாலும் இவரைத்தான். அரசு சம்பளம் இவருக்குக் கிடையாது, அரசு ரகசியமும் கிடையாது. ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் சொன்னதை 'அரசே சொல்லிவிட்டது' என்று எடுத்துக்கொள்வது நாம் அடிக்கடி செய்யும் தப்பு.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: முதல் மூவரும் அரசின் வாய், நான்காமவர் கட்சியின் வாய். இந்தக் கட்டுரை முதல் மூவரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு டிவி விமர்சகர் ஆவதைப் பற்றியது. நான்காமவருக்கு அந்த மாற்றமே தேவையில்லை, அவர் ஏற்கெனவே ஸ்டூடியோவில்தான் இருக்கிறார்.

மேஸ்திரியும் டீக்கடையும்

தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம். காலையில் பிரட்டு நடக்கும், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. மழைக் கோட்டும் கூடையுமாகத் தொழிலாளர்கள் நிற்பார்கள். மேஸ்திரி வந்து, "இன்னைக்கு ஏழாம் நம்பர் காடு கொழுந்து, பன்னிரண்டுக்கு மருந்து" என்று பிரித்துவிடுவார். ஏழாம் நம்பரா எட்டாம் நம்பரா என்று முடிவு செய்தது அவர் இல்லை. அது முந்தின நாள் மாலையே ஆபீசில் முடிவானது. முடிவைத் தப்பில்லாமல், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, தகராறு வராமல் சொல்வதுதான் அவர் வேலை. "ஏன் ஏழு?" என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லப்பட்ட காரணத்தைச் சொல்வார். சொல்லப்படாத காரணத்தை ஊகித்துச் சொன்னால் அடுத்த நாள் பிரட்டில் அவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

அதே மேஸ்திரி ஓய்வு பெற்று டீக்கடைப் பெஞ்சில் உட்காருகிறார். இப்போது யாராவது கேட்டால், "கொழுந்து முத்திப்போச்சுன்னா ஃபேக்டரியில எடுக்க மாட்டான், அதான் ஏழ முதல்ல முடிக்கிறாங்க" என்று விளக்குகிறார். இன்றைக்கு ஆபீசில் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆபீஸ் எப்படி யோசிக்கும் என்று நன்றாகத் தெரியும். விமர்சகராகிவிட்ட செய்தித் தொடர்பாளர் கையில் இருக்கும் சரக்கும் கிட்டத்தட்ட இதுதான். அன்றைய தகவல் அதில் இருக்காது, பழக்கத்தைப் படித்த அறிவு இருக்கும்.

ஒரு லீவு அறிவிப்பின் பிறப்பு

வேலையின் உள்ளே போய்ப் பார்க்க, பள்ளி விடுமுறை அறிவிப்பைவிட நல்ல உதாரணம் இல்லை. சின்ன விஷயம், ஆனால் எல்லாப் படிகளும் அதில் உண்டு.

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை முதலில் வரும். அதில் வரும் சொற்களைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொட்டால் 'கனமழை'. 11.56 செ.மீ.யிலிருந்து 'மிக கனமழை'. 20.45 செ.மீ. ஆகிவிட்டால் 'அதி கனமழை'. இவை அளவுகள், வர்ணனை இல்லை. டிவியில் இதே 'மிக'வும் 'அதி'யும் வெறும் அழுத்தம் கொடுக்கும் சொற்களாக மாறிவிடும். நல்ல பி.ஆர்.ஓ. வெளியிடும் தாளில் 'மிக' என்ற இரண்டெழுத்து காரணமில்லாமல் வராது.

அடுத்து வட்டாட்சியர்கள் தகவல் தருவார்கள்: எந்தச் சாலையில் மரம் விழுந்தது, எங்கே மண் சரிந்தது, எந்தப் பாலத்தில் தண்ணீர். கல்வித் துறையையும் கலந்துகொண்டு ஆட்சியர் முடிவெடுப்பார். எடுத்த பிறகுதான் பி.ஆர்.ஓ.வின் நேரம் தொடங்குகிறது. பத்து வரிக்குள் அவர் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: எந்தத் தேதி, என்ன கிழமை, எந்தெந்த வட்டங்கள், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா.

வட்டம்தான் அடிக்கடி வழுக்கும் இடம். நீலகிரியில் ஆறு வட்டங்கள்: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் வெளுத்து வாங்கும்போது கோத்தகிரியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் அப்படியே தலைகீழ். குன்னூரும் கோத்தகிரியும் நனையும். 2019 ஆகஸ்டில் குந்தா பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் நிலைமை வேறு. அதனால் அறிவிப்பு 'கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும்' என்று வரும். டிவியின் அடிவரியில் இடம் போதாது; 'நீலகிரியில் விடுமுறை' என்று சுருங்கிவிடும். கோத்தகிரியில் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பொய் சொன்னது யாரும் இல்லை. நாலு சொல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

தாளின் மேலே 'செ.வெ.எண்'ணும் நாளும் இருக்கும். தலைப்பு வழக்கமாக '...மாவட்ட ஆட்சித்தலைவர் தகவல்' என்று முடியும். கடைசியில் 'வெளியீடு: செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்' என்று வரும். போன வருஷத் தாளில் தேதியை மட்டும் மாற்றி விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் கிழமையை மாற்ற மறந்துவிடுவார்கள். காலண்டரில் ஒருமுறை பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும்.

இந்தத் தாளில் இல்லாதது ஒன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் யார் 'வேண்டாம்' என்றார், யார் 'நாளைக்கும் சேர்த்து விடலாம்' என்றார், எத்தனை மணிக்கு மனம் மாறினார்கள் என்பது எதுவும் இருக்காது. முடிவு மட்டும் வெளியே வரும், விவாதம் உள்ளேயே தங்கிவிடும். செய்தித் தொடர்பாளர் வேலையின் இலக்கணமே இதுதான்.

அவருக்கு எவ்வளவுதான் தெரியும்?

'உள்ளே இருந்தவருக்கு எல்லாம் தெரியும்' என்ற நம்பிக்கையை 1983-இல் நடந்த ஒரு சம்பவம் போட்டு உடைக்கிறது. கரீபியன் கடலில் கிரெனடா என்றொரு குட்டித் தீவு. அமெரிக்கா அதன்மேல் படையெடுக்கப் போகிறதா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். ரீகனின் செய்தித் தொடர்பாளர் லாரி ஸ்பீக்ஸ் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னபடியே 'அபத்தம்' என்று பதில் சொன்னார். அடுத்த நாள், அக்டோபர் 25, அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியது. அவரிடமே மறைத்திருந்தார்கள். அவருடைய உதவியாளர் லெஸ் ஜாங்கா ராஜினாமா செய்தார்.

தெரியாமல் வைப்பது சில நேரம் திட்டமிட்டே நடக்கிறது. ஒருவருக்குத் தெரியாவிட்டால் அவர் முகம் காட்டிக்கொடுக்காது. செய்தித் தொடர்பாளருக்கு இதில் இரண்டு நஷ்டம்: அன்றைக்கு அவமானம், மறுநாளிலிருந்து நம்பிக்கைக் குறைவு. இந்த வேலையில் ஒருவரின் முதலீடே நம்பிக்கைதான் என்பதால், அனுபவசாலிகள் 'இல்லை' என்று அடித்துச் சொல்வதைவிட 'இப்போதைக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை' என்பார்கள். நாம் அதை மழுப்பல் என்று திட்டுகிறோம். பல நேரம் அது மழுப்பல்தான். சில நேரம் நேர்மையாகச் சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே வாக்கியமும் அதுதான்.

இந்த இடத்தில் மூன்று சொற்களை அறிமுகப்படுத்திவிடலாம். 'ஆன் ரெக்கார்ட்' என்றால் பெயர் போட்டு வெளியிடலாம். 'ஆஃப் தி ரெக்கார்ட்' என்றால் செய்தியாளரின் புரிதலுக்கு மட்டும், அச்சில் வரக்கூடாது. 'எம்பார்கோ' என்றால் தகவல் இப்போதே கைக்கு வரும், ஆனால் குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது. இந்த மூன்றும் சட்டம் இல்லை, வாய்மொழி ஒப்பந்தம். ஒருமுறை மீறிய செய்தியாளருக்கு அடுத்த முறை போன் வராது.

நீலகிரியே இதைக் கண்ணெதிரே பார்த்த நாள் 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேருடன் விமானப்படை ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. சிறிது நேரத்திலேயே ஊர்க்காரர்களின் செல்போன் வீடியோக்கள் நாடு முழுக்கப் போய்விட்டன. தளபதி இறந்துவிட்டார் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு விமானப்படையிடமிருந்து வரும்போது மாலை 6 மணி.

நடுவில் ஐந்தாறு மணி நேரம். 'மாவட்ட நிர்வாகம் ஏன் வாய் திறக்கவில்லை?' என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். மாவட்ட நிர்வாகம் பேசக்கூடியவை மீட்புப் பணி, மருத்துவமனை, சாலை, கூட்டக் கட்டுப்பாடு. விமானம் யாருடையதோ அவர்கள்தான் அதில் இருந்தவர்களின் நிலையை உறுதி செய்ய வேண்டும். அடையாளம் உறுதியாக வேண்டும், குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டும். விரிவான தகவலைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் மறுநாள் நாடாளுமன்றத்தில் சொன்னார். மேலே உள்ள மணிக்கணக்கு அவர் தந்ததுதான்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் விமர்சகர்கள். ஓய்வு பெற்ற ராணுவ, விமானப்படை அதிகாரிகள் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து, மலைக்காட்டில் மூடுபனி என்ன செய்யும், அந்த ரக ஹெலிகாப்டரில் எத்தனை எஞ்சின் என்றெல்லாம் விளக்கினார்கள். அதில் பயனுள்ளவை இருந்தன. ஆனால் நஞ்சப்பசத்திரத்தில் அன்று என்ன நடந்தது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. பேச அதிகாரம் இருந்தவர் அன்று வாய் திறக்க முடியாது. பேசிக்கொண்டே இருந்தவரிடம் தகவல் கிடையாது.

சுருக்கமாக: செய்தித் தொடர்பாளருக்குத் தெரிவது, அவருக்குச் சொல்லப்பட்டது மட்டும். அவர் வெளியே சொல்வது, அதிலும் அனுமதிக்கப்பட்ட பகுதி மட்டும்.

வேலையை விட்டு வெளியே வரும் வாசல்

அமெரிக்காவில் இந்த வாசல் அகலமானது. வெள்ளை மாளிகை பிரஸ் செக்ரட்டரி அதிபரின் சொந்தத் தேர்வு, அரசியல் நியமனம். அதிபர் போனால் இவரும் போவார். பெரும்பாலும் அதற்கு முன்பே களைத்துப் போய்விடுவார். டிரம்பின் முதல் நான்காண்டில் நான்கு பேர் மாறினார்கள். அதில் ஸ்டெஃபனி கிரிஷம் தம் காலம் முழுவதும் ஒரு வழக்கமான செய்தியாளர் சந்திப்புகூட நடத்தவில்லை. பதவியில் இருக்கும்வரை கேமரா முன் நேரலையில் கேள்விகளை வாங்கிப் பழகியவருக்கு டிவி நிறுவனம் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் புஷ்ஷிடம் இருந்த டானா பெரினோ, டிரம்பிடம் இருந்த கெய்லி மெக்எனானி இருவரும் ஃபாக்ஸ் நியூஸுக்குப் போனார்கள். பைடனிடம் இருந்த ஜென் சாக்கி 2022 மே மாதம் விலகி, 2023-இல் எம்.எஸ்.என்.பி.சி.யில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். அவர் பதவியில் இருக்கும்போதே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தகவல் கசிந்ததும், செய்தியாளர் அறையிலேயே அவரை நிறுத்திக் கேட்டார்கள்: நாளைக்கு உங்கள் முதலாளியாகப் போகும் நிறுவனத்தின் நிருபருக்கு இன்று எப்படிப் பதில் சொல்வீர்கள்? நியாயமான கேள்வி.

டோனி ஸ்னோ இரண்டு பக்கமும் போனவர்: ஃபாக்ஸில் பேசிக்கொண்டிருந்தவர், 2006-இல் வெள்ளை மாளிகைக்குப் போனார், 2008-இல் சி.என்.என்.னுக்கு வந்தார்.

இந்தியாவில் இந்த வாசல் குறுகல், வண்டி பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. டிவியில் இருந்த பங்கஜ் பசௌரி 2012-இல் பிரதமர் அலுவலகத்துக்குப் போனார். சஞ்சய பாருவும் பத்திரிகை ஆசிரியராக இருந்து போனவர்தான். பதவிக்குப் பின் 2014-இல் அவர் எழுதிய நினைவுகளைப் பிரதமர் அலுவலகம் கற்பனை கலந்தது என்று மறுத்தது. மற்றபடி அரசின் அன்றாட அறிவிப்பு வேலையைப் பார்ப்பது நிரந்தர ஊழியர்கள். டெல்லியில் பத்திரிகைத் தகவல் அலுவலகம், அதில் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள், மாவட்டத்தில் பி.ஆர்.ஓ. ஆட்சி மாறினாலும் இவர்கள் மாறமாட்டார்கள். தினமும் முகம் காட்டும் மேடையும் இவர்களுக்குக் கிடையாது. முகம் தெரியாதவரை டிவி தேடாது.

விதிகளும் உண்டு. ஐ.ஏ.எஸ். போன்ற அகில இந்தியப் பணியில் இருப்பவர்களை 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன: பணியில் இருக்கும்போது அரசின் கொள்கையை ஊடகத்தில் விமர்சிக்கக்கூடாது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கட்டு அவிழும், ஆனால் 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் அவிழாது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்களுக்கு 2021-இல் ஓய்வூதிய விதியைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அந்த அமைப்பின் வேலை பற்றி எழுத முன் அனுமதி வேண்டும். ஆக, ஒரு முன்னாள் அதிகாரி டிவியில் 'அதைப் பற்றி நான் விரிவாகப் பேச முடியாது' என்றால், பந்தா என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது

சாயங்காலம் சேனலின் விருந்தினர் ஒருங்கிணைப்பாளர் போன் செய்வார். தலைப்பைச் சொல்வார், 'சார், நீங்க எந்தப் பக்கம் பேசுவீங்க?' என்று கேட்பார். கேள்வி அப்பாவித்தனமானது இல்லை. நாலு நாற்காலி, ஆதரவு ஒருவர், எதிர்ப்பு ஒருவர், நடுவில் இரண்டு. 'இரண்டிலும் பாதி பாதி' என்று பதில் சொல்பவருக்கு அடுத்த வாரம் போன் வருவது குறைந்துவிடும்.

திரையில் பெயருக்குக் கீழே ஒரு பட்டம் வரும். 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்', 'அரசியல் நோக்கர்'. இதற்குத் தேர்வும் கிடையாது, உரிமமும் கிடையாது. சேனல் தட்டச்சு செய்வதுதான் பட்டம்.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பல விஷயம் புரியும். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரத்துக்கு விதி இடம் தருகிறது. மீதி 48. அதில் நெறியாளரின் முன்னுரை, காட்சித் துண்டுகள், குறுக்குக் கேள்வி எல்லாம் சேர்த்து 12 என்று வையுங்கள். மிச்சம் 36-ஐ நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9 நிமிடம். அதுவும் சேர்ந்தாற்போல் வராது. ஒன்றரை நிமிடத் துண்டுகளாக வரும். ஒன்றரை நிமிடத்தில் ஒரு கொள்கையின் பின்னணியை யாராலும் சொல்ல முடியாது, ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். முன்னாள் செய்தித் தொடர்பாளர் இங்கே ஜொலிப்பது ஏனென்றால், சுருக்கமாகச் சொல்வதுதான் அவர் பிழைப்பாகவே இருந்தது.

அவரால் உண்மையில் என்ன பயன்? ஊட்டி இ-பாஸ் விவகாரத்தில் பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 'ஊட்டிக்குப் போகத் தடை' என்ற அளவுக்குப் பேச்சு பரவியது. அறிவிப்பிலோ உச்சவரம்பே இல்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு, அரசுப் பேருந்துக்கும் விலக்கு. அப்படியானால் எதற்கு இந்தப் பாஸ்?

இந்த 'எதற்கு'தான் நல்ல விமர்சகரின் இடம். அரசுத் தாள்களோடு வாழ்ந்தவர் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்: வரம்பில்லாத பாஸ் என்றால் நோக்கம் தடுப்பது இல்லை, எண்ணுவது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. எண்ணிக்கை இல்லாமல் ஆய்வு இல்லை. இப்போது எண்ணுகிறார்கள் என்றால் பின்னால் வரம்பு வரும். வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதைச் சொல்ல ரகசியக் கோப்பு எதுவும் வேண்டாம். முதல் தாளை நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும், அதில் என்ன இல்லை என்று பார்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

எங்கே சறுக்குகிறார்கள்

குன்னூர் தேயிலை ஏலத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும்: ருசி பார்ப்பவர் வரிசையாகக் கோப்பைகளை உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார், ஃபேக்டரி பெயரைப் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது. இருபது வருஷம் ஒரே ஃபேக்டரித் தேயிலையை விற்றவர் அந்த இடத்துக்கு வந்தால், தேயிலை ஞானம் நிறைய இருக்கும், நாக்கு மட்டும் பழைய ருசியைத் தேடும். விமர்சகராகும் முன்னாள் செய்தித் தொடர்பாளரிடம் முதலில் தெரியும் குறை இதுதான். பழைய முதலாளியை விட்டுக்கொடுக்க முடியாது. சிலர் இதற்கு நேர்மாறாக, தாம் விலைபோகவில்லை என்று காட்டுவதற்காகவே பழைய முதலாளியைத் தினமும் அடிப்பார்கள். இரண்டுமே பழைய ருசியின் வேலை.

தகவல் பழசாவது அடுத்த குறை. பதவியை விட்ட ஆறு மாதத்தில் பாதிப் பேர் இடம் மாறிவிடுவார்கள், போனை எடுக்க மாட்டார்கள். 'எனக்குக் கிடைத்த தகவலின்படி' என்று அவர் தொடங்கும்போது அது எந்த வருஷத்துத் தகவல் என்று கேட்க நெறியாளருக்கு நேரமிருக்காது.

பெரிய சறுக்கல் பியர் சாலிஞ்சருடையது. கென்னடியின் பிரஸ் செக்ரட்டரி, பின்னர் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் வெளிநாட்டு நிருபர். பெயரும் மரியாதையும் குறைவில்லாதவர். 1996 ஜூலையில் நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வெடித்து விழுந்தது. அந்த நவம்பரில் சாலிஞ்சர், அமெரிக்கக் கடற்படை ஏவுகணைதான் அதைத் தாக்கியது, பிரெஞ்சு உளவு வட்டாரத்திலிருந்து ஆவணம் கிடைத்தது என்று அறிவித்தார். உலகமே ஒரு நிமிடம் நின்றது. பிறகு தெரிந்தது, அந்த 'ஆவணம்' பல வாரங்களாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஃபார்வர்டு. எரிபொருள் தொட்டி வெடித்ததே காரணம் என்று புலனாய்வு அமைப்பு 2000-இல் முடிவு சொன்னது. இணையத்தில் வந்ததையெல்லாம் நம்பும் பழக்கத்துக்கு அங்கே சாலிஞ்சர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கிழமை மாற்ற மறந்த லீவுத் தாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுதான் வித்தியாசம்: லீவுத் தாளை அனுப்பியவரை யாருக்கும் தெரியாது, சாலிஞ்சரை எல்லோருக்கும் தெரியும். அவர் பதவியில் இருந்திருந்தால் அந்தக் காகிதம் நாலு மேசை தாண்டித்தான் அவர் வாய்க்கு வந்திருக்கும். விமர்சகருக்கு அந்த மேசைகள் கிடையாது. சரிபார்ப்பது அவர் ஒருவர் தலையில்தான்.

மலையிலிருந்து பேசினால்

மாவட்ட பி.ஆர்.ஓ.க்கள் யாரும் ஓய்வுக்குப் பிறகு டிவி முகமாவதை நாம் பார்ப்பதில்லை. சேனல்கள் சென்னையில். பக்கத்துப் பெரிய ஊரான கோவையே ஊட்டியிலிருந்து சுமார் 85 கி.மீ.; ராத்திரி விவாதம் முடிந்து மழையில் மலையேறித் திரும்ப யாருக்கும் ஆசை வராது. மலைக்காரருக்கு அழைப்பு வருவது மண்சரிவு, யானை, சிறுத்தை, இ-பாஸ் ஆகிய நான்குக்குத்தான். அப்போதும் நாற்காலி கிடைக்காது, 'ஃபோனோ' கிடைக்கும். அதாவது திரையில் புகைப்படம், பின்னால் போன் குரல், ஒன்றரை நிமிடம்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் பழைய பி.ஆர்.ஓ.வையும் சும்மா பேசுபவரையும் கண்டுபிடித்துவிடலாம். "மக்கள் பீதியில் இருக்காங்களா?" என்று நெறியாளர் கேட்பார். சும்மா பேசுபவர் "ஆமா, ரொம்ப பீதி" என்பார். பழைய கை, "காலை 7 மணி நிலவரப்படி" என்று ஆரம்பிப்பார். எந்த வட்டம், குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையா கல்லட்டிப் பாதையா, எது திறந்திருக்கிறது, எந்த வண்டிக்கு மட்டும் அனுமதி, உதவிக்கு 1077, இதில் தான் பார்த்தது எது, அடுத்தவர் சொன்னது எது என்று பிரித்துச் சொல்வார். நெறியாளருக்கு இது சப்பென்று இருக்கும். பாதியில் "நன்றி, தொடர்பில் இருங்கள்" என்று விளம்பரத்துக்குப் போய்விடுவார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் ஓடும் சோப்பு விளம்பரத்தைக் கேட்டபடி காத்திருப்பார். அதற்குள் ஊட்டியில் கரண்ட் போயிருக்கும்.